எரியாத பவர் போட்டுக்கு 28,500 ரூபாய்: கொழும்பில் தொலைக்காட்சி திருத்தக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

நேற்று இரவு எட்டரை மணிக்கு எங்கள் மொட்டைமாடியில், மருமகன் கைப்பேசி வெளிச்சத்தில் நீட்டிக் காட்டிய இரண்டு அங்குலக் கேபிள் துண்டைப் பார்த்த பிறகுதான், 28,500 ரூபாயை நான் எதற்காகக் கொடுத்தேன் என்பது விளங்கியது. எதற்காகவும் இல்லை. ஆத்திரம் ஆறுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

நாங்கள் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் இருக்கிறோம். ஐப்பசி மழை தொடங்கிய கிழமையில் எங்கள் 43 அங்குலத் தொலைக்காட்சியில் படம் சதுரம் சதுரமாக உடையத் தொடங்கியது. செய்தி வாசிப்பவரின் முகம் பாதியில் உறைந்து, கண் ஓரிடத்திலும் வாய் வேறோரிடத்திலுமாக நிற்கும். குரல் விக்கி விக்கி வரும். சில விநாடிகளில் எல்லாம் தானாகவே சரியாகிவிடும். பின்னேர மழையில் அதிகமாகவும், வெயில் எறிக்கும் காலையில் அநேகமாக இல்லாமலும் இருந்தது. மழைக்கும் படத்துக்கும் என்ன தொடர்பு என்று அன்றைக்கே ஒரு நிமிடம் யோசித்திருந்தால் காசு மிஞ்சியிருக்கும். அம்மாவின் இரவு நாடகம் தடைப்படுகிறதே என்ற அவசரத்தில், வீட்டுக்கே வந்து திருத்தித் தருவதாக இணையத்தில் விளம்பரம் போட்டிருந்த ஒரு திருத்தகத்துக்கு அழைத்தேன்.

வந்தவருக்கு முப்பது வயது இருக்கும். பெட்டியைத் திறப்பதற்கு முன் மின்செருகியைக் கழற்றிவிட்டு, "கொஞ்சம் பொறுங்கோ ஐயா, கப்பாசிற்றருக்குள்ள கரண்ட் நிக்கும்" என்று இரண்டு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் அவரை நம்பியது அந்த இரண்டு நிமிடத்தில்தான். இவ்வளவு நிதானமாக வேலை செய்பவர் பொய் சொல்ல மாட்டார் என்று ஏன் நினைத்தேனோ தெரியவில்லை. அம்மா பிளேன்ரீ கொண்டுவந்தபோது ஊரை விசாரித்தார். பருத்தித்துறை என்றதும், தன் தாயாரும் அந்தப் பக்கம்தான் என்றார். அதன் பிறகு அம்மா அவருக்குக் கதிரையும் மின்விசிறியும் கொடுத்து உபசரித்தது தனிக்கதை.

பின்பக்க மூடியைக் கழற்றி, பெயின்ற் தூரிகையால் தூசியைத் தட்டினார். உள்ளே இருந்த ஒரு போட்டின் (மின்சுற்றுப் பலகையின்) மூலையில் குளவி கட்டிய மண்கூட்டை நகத்தால் சுரண்டி எடுத்தபோது, அந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம் எஞ்சியது. பிறகு ரோச் லைற்றை அடித்து, பெரிய கப்பாசிற்றர்களின் அடியில் படிந்திருந்த கபில நிறக் கறையொன்றைக் காட்டினார். "பவர் போட் எரிஞ்சு போச்சு ஐயா. இப்பிடியே விட்டா பனலையும் அடிச்சுப் போடும்." போட்டுக்கு 22,000, கூலிக்கு 6,500, ஆக மொத்தம் 28,500 ரூபாய். முற்பணமாக 15,000 ரூபாயை அவர் சொன்ன வங்கிக் கணக்குக்கு உடனே அனுப்பினேன். இதற்கிடையில் அவர் ஒரு தடவைகூடத் தொலைக்காட்சியைப் போட்டுப் படம் எப்படி உடைகிறது என்று பார்க்கவில்லை. டிஷ்ஷிலிருந்து வரும் சமிக்ஞையைப் படமாக்கித் தரும் டிகோடர் பெட்டியைத் தொடவும் இல்லை. போட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான்கு நாட்களுக்குப் பிறகு ஒரு காலையில், பளிச்சென்ற வெயிலில், "புதுப் போட்" வந்தது. பூட்டினார், படம் துல்லியமாக வந்தது, மீதியைக் கொடுத்தேன். பற்றுச்சீட்டு கேட்டதற்கு வட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னார். அன்று பின்னேரம் மழை பெய்தது. படமும் முன்போலவே உடைந்தது.

முதல் அழைப்பில், புதிய போட் பழகுவதற்கு இரண்டு மூன்று நாள் எடுக்கும் என்றார். போட் பழகுமாம்! இரண்டாவது முறை, எங்கள் வீட்டு மின்சாரம் ஏறி இறங்குவதாகச் சொல்லி ஸ்ரபிலைசர் வாங்கச் சொன்னார். பிறகு ஊருக்குப் போய்விட்டதாக ஒரு குரல் பதிவு வந்தது. அதன் பின்னணியில் காலி வீதி பஸ் நடத்துநரின் சத்தம் தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிந்திய செய்திகளுக்கெல்லாம் நீலக்குறி மட்டுமே பதில்.

நேற்று கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த மருமகன், ஒன்றையும் கழற்றாமல், ஒரு பென் டிரைவைச் செருகிப் படமொன்றை ஓடவிட்டான். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு மணிநேரம் ஒரு சதுரமும் உடையவில்லை. ஆகவே தொலைக்காட்சியில் பிழையில்லை, வெளியிலிருந்து வரும் சமிக்ஞையில்தான் பிழை என்றான். டிகோடரின் மெனுவில் சமிக்ஞைத் தரம் காட்டும் கோடு ஏறுவதும் விழுவதுமாக இருந்தது. மழை விட்டதும் மொட்டைமாடிக்கு ஏறி, டிஷ்ஷில் கேபிள் பூட்டும் கொனெக்டரைக் கழற்றினான். கடற்காற்றின் உப்பும் மழைநீரும் உள்ளே இறங்கி, நடுவிலுள்ள செப்புக் கம்பி பச்சை பூத்துப் போயிருந்தது. செய்மதிச் சமிக்ஞை கடும் மழையில் எப்படியும் கொஞ்சம் பலவீனப்படும். இணைப்பு நன்றாக இருந்தால் சாதாரண மழையை அது தாங்கிவிடும், எங்களுடையதில் தாங்குவதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. கெட்டுப்போன பகுதியை வெட்டிவிட்டுப் புதிய கொனெக்டர் பூட்ட, ரப்பர் உறையோடு சேர்த்து 400 ரூபாய் முடிந்தது.

பவர் போட் எரிந்தால் பெட்டி போடுபடாது, அல்லது தானாக அணையும், அல்லது சத்தம் வரப் படம் இருண்டுவிடும். படம் சதுரமாக உடையாது என்றான் மருமகன். சந்தேகத்தில் பின்மூடியையும் கழற்றிப் பார்த்தோம். "புதுப் போட்"டின் மூலையில் குளவிக்கூட்டின் அதே வட்டத் தடம் இருந்தது. அந்தக் கபிலக் கறையும், கப்பாசிற்றர் அசையாமல் இருப்பதற்குத் தொழிற்சாலையில் வைக்கும் பசை நாட்பட நிறம் மாறியதுதானாம். என் போட்டையே நான்கு நாள் வைத்திருந்து, எனக்கே 28,500 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள்.

இன்று காலை அந்தத் திருத்துநரை வேறொரு எண்ணிலிருந்து அழைத்தேன். குரலை அடையாளம் கண்டதும், பெட்டியைக் கடைக்குக் கொண்டுவரும்படியும், சோதித்துப் பார்க்க 2,500 ரூபாய் ஆகும் என்றும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று விரிவாக எழுத நினைத்திருந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. பென் டிரைவில் ஓடவிட்டுப் பாருங்கள். படம் உடையும்போது தொலைக்காட்சியின் சொந்த மெனுவைத் திறந்து பாருங்கள். மெனு ஒழுங்காகத் தெரிந்தால் பனலை, அதாவது திரையை, சந்தேகிக்காமல் கேபிளையும் டிஷ்ஷையும் பாருங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். பற்றுச்சீட்டை அந்த இடத்திலேயே கேளுங்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு நாளை அழைக்கப் போகிறேன். 28,500 ரூபாயில் 15,000 ரூபாய்க்கு மட்டும் வங்கியின் குறுஞ்செய்தி இருக்கிறது. மீதி 13,500 ரூபாயை, தம்பி நம்ம ஊர்ப் பிள்ளை என்று, அம்மா தன் கையாலேயே காசாகக் கொடுத்தார்.