மருமகனுக்கு நீதிமன்றம், மாமனுக்கு குவாண்டனாமோ

1993-இல் நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் குண்டு வைத்தவர் ரம்சி யூசுப். 1995-இல் பாகிஸ்தானில் பிடிபட்டார். சாதாரண கூட்டாட்சி நீதிமன்றத்தில், ஜூரிகள் முன்னால் வழக்கு. 1998 ஜனவரியில் ஆயுள் தண்டனை, கூடவே 240 ஆண்டுகள். அவ்வளவுதான்.

அவருடைய தாய்மாமன் காலித் ஷேக் முகமது, 2001 செப்டம்பர் 11 தாக்குதலின் சூத்திரதாரி. 2003-இல் பிடிபட்ட அவரை, ரகசியச் சிறையில் 183 முறை முகத்தில் தண்ணீர் ஊற்றி மூச்சுத்திணற வைத்தது சிஐஏ. 2006-இல் கியூபாவில் இருக்கும் அமெரிக்க ராணுவச் சிறையான குவாண்டனாமோ. நியூயார்க்கிலேயே விசாரிப்போம் என்று 2009-இல் அறிவித்த ஒபாமா அரசு, எதிர்ப்பு கிளம்பியதும் 2011-இல் பின்வாங்கியது. அடுத்த ஆண்டு, ராணுவ அதிகாரிகளே ஜூரிகளாக இருக்கும் ராணுவ ஆணையத்தின் முன் நிறுத்தினார்கள். அப்புறம்? சித்திரவதைக்குப் பின் வாங்கிய வாக்குமூலம் செல்லுமா என்ற வாதத்திலேயே வருடங்கள் ஓடின. மரண தண்டனை கேட்காமல் முடித்துக்கொள்ளலாம் என்று 2024-இல் வந்த உடன்பாட்டையும் இரண்டே நாளில் பாதுகாப்பு அமைச்சர் ரத்து செய்தார்.

சரி, சாதாரண நீதிமன்றம் விட்டுவிடும் என்ற பயம்? குவாண்டனாமோவிலிருந்து நியூயார்க் கொண்டுவரப்பட்ட அகமது கைலானி மீது, 1998-இல் கென்யா, தான்சானியாவில் அமெரிக்கத் தூதரகங்களில் குண்டு வெடித்த வழக்கில் 280-க்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகள். 2010-இல் ஒன்றே ஒன்றுதான் நிரூபணமானது. அந்த ஒன்றுக்கே ஆயுள் தண்டனை.