கல்யாண ஹாலுக்கு ‘எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை’: மூன்று வருட அனுபவம்

பெங்களூர் அல்சூரில் சித்தப்பாவுக்கு ஒரு சின்ன ஹால் இருக்கிறது. கீழே சமையல்கட்டு, மேலே நூறு பேர் உட்காரும் இடம், அதற்கும் மேலே மொட்டைமாடிப் பந்தல். காதுகுத்து, வளைகாப்பு, சிக்கனமான கல்யாணம் எல்லாம் நடக்கும். நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தவரை வெப்சைட்டுக்கு இழுத்து வந்தது நான்தான். “எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரைன்னு ஒரு கட்டம் போதும்டா” என்றார். அந்த ஒரு கட்டத்தோடு மூன்று வருடமாக மல்லுக்கட்டுகிறேன்.

முதலில் போட்டது ஸ்லைடர், அதாவது குமிழை இழுத்து நேரம் வைக்கும் பட்டை. வெப் பக்கத்தை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் இதற்கென்று இருக்கும் ரேஞ்ச் இன்புட்டுக்குக் குமிழ் ஒன்றுதான். இரண்டு வேண்டுமென்றால் வேறொருவர் எழுதிவைத்த கோடை (லைப்ரரி) தனியாகச் சேர்க்க வேண்டும். லேப்டாப்பில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. போனில் அரை மணிக்கு ஒன்றாக ஒரு நாளுக்கு 48 இடம். கட்டைவிரல் மறைத்ததில் ஆறரையை வைக்கப் போனவர்கள் ஏழில் விட்டார்கள். இரண்டே மாதத்தில் தூக்கிவிட்டேன்.

அடுத்து, நேரம் அடிக்கும் சாதாரணக் கட்டம் (டைம் இன்புட்) இரண்டு. இது இன்றுவரை நிற்கிறது. திரையில் ஏஎம், பிஎம் என்று எப்படிக் காட்டினாலும் பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் கோடுக்குக் கிடைக்கும் வேல்யூ எப்போதும் ‘18:30’ மாதிரி 24 மணி நேரக் கணக்கில்தான் வரும். எவ்வளவு இடைவெளியில் நேரம் எடுக்கலாம் என்ற ஸ்டெப்பை விநாடியில் சொல்ல வேண்டும். அரை மணிக்கு 1800. முதலில் ஒரு மணி நேரமாக வைத்திருந்தேன். திங்கட்கிழமை ராகு காலம் ஏழரைக்கு, அதற்குள் சாவி வாங்க வேண்டும் என்று ஒரு பாட்டி கேட்ட அன்றே மாற்றினேன். சில போன்கள் இந்த ஸ்டெப்பைக் கண்டுகொள்ளாமல் எல்லா நிமிடத்தையும் காட்டும். படிவத்தை அனுப்பும்போது அந்தத் தப்பைப் பிரௌசர் பிடித்துக்கொள்ளும்.

அடுத்து வந்த தப்பு என்னுடையது. முடியும் நேரம் தொடங்கும் நேரத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்று ஒரு செக் எழுதியிருந்தேன். நம் ஊர்க் கல்யாணம் சனிக்கிழமை சாயங்காலம் ரிசப்ஷனில் தொடங்கி ஞாயிறு மதியச் சாப்பாட்டில் முடிகிறது. “உங்க கம்ப்யூட்டர் எங்க கல்யாணத்தை ஒத்துக்க மாட்டேங்குது” என்று போன் வந்தது. சரி, முடியும் நேரம் சிறிதாக இருந்தால் மறுநாள் என்று எடுத்துக்கொண்டு 1440 நிமிடம் கூட்டச் சொன்னேன்.

அதுவே அடுத்த வினையானது. காலை ஒன்பது மணி வளைகாப்புக்கு, பகல் பன்னிரண்டு என்று நினைத்து ஒருவர் 12 ஏஎம் போட்டுவிட்டார். என் புது விதி அதை நள்ளிரவாக்கி 15 மணி நேரம் ஹாலைப் பூட்டியது. அன்று சாயங்காலம் கேட்டவர்களுக்கு ‘இடமில்லை’ என்று காட்டியிருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு ஏஎம்மா பிஎம்மா என்பதில் எனக்கே இன்றும் ஒரு நொடி தடுமாற்றம் உண்டு.

அப்புறம்தான் கட்டங்களுக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: ‘ஞாயிறு காலை 9:00 முதல் நள்ளிரவு 12:00 வரை, 15 மணி நேரம்’. கட்டத்தில் எதை மாற்றினாலும் உடனே ஓடும் இன்புட் ஈவென்ட்டில் பத்துப் பதினைந்து வரி கோட், அவ்வளவுதான். இதைப் பார்த்து அவர்களே திருத்திக்கொள்கிறார்கள். ஸ்லைடருக்குச் செலவழித்த வாரக்கடைசிகளை நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது. சித்தப்பா போனில் உறுதி செய்யும்போதும் இந்த வரியைத்தான் படித்துக் காட்டுகிறார்.

சேமிக்கும் இடத்திலும் ஒரு அடி வாங்கினேன். தேதியை எழுத்தாக்கித் தரும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டளையான டூஐஎஸ்ஓஸ்டிரிங் (toISOString) நம் நேரத்தை உலகப் பொது நேரமான யுடிசிக்கு மாற்றிவிடும். ஐந்தரை மணி நேரம் குறைந்து, மாலை 6:30 நிகழ்ச்சி சித்தப்பாவின் பட்டியலில் பகல் 1:00 ஆனது. இப்போது தேதியையும் நேரத்தையும் அடித்தது அடித்தபடியே வைக்கிறேன். இரண்டு புக்கிங் மோதுகிறதா என்று பார்க்க, ஒவ்வொன்றும் தொடங்கும் நேரத்தை மற்றது முடியும் நேரத்தோடு ஒப்பிடும்போது ‘சிறியது’ மட்டும் போதும், ‘சிறியது அல்லது சமம்’ வேண்டாம். இல்லையென்றால் 12 மணிக்கு முடிவதும் 12 மணிக்குத் தொடங்குவதும் சண்டை போடும். பெருக்கித் துடைக்க ஒரு மணி நேரத்தைத் தனியாகக் கூட்டிக்கொள்கிறேன்.

மொட்டைமாடி கேட்பவர்களின் நேரம் இரவு 10 முதல் காலை 6 வரையிலான நேரத்தைத் தொட்டால், ஒலிபெருக்கி கூடாது என்றும் காட்டுகிறேன். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி அது.

இரண்டு ராத்திரி தங்கும் விசேஷத்துக்கு மட்டும் இந்தக் கட்டங்கள் இன்னும் உதவவில்லை. அவர்களுக்குச் சித்தப்பாவின் போன் நம்பரைக் காட்டிவிடுகிறேன். அவர் நோட்டை எடுத்துக்கொள்கிறார்.