பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல்: எழுத வைக்கிறது, பேசவும் சிரிக்கவும் வைக்கிறதா?

தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் புதிய பாடத்திட்டத்தின்படி 2019இல் வெளியிட்ட பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலை, தேர்வுக்கான நூலாக மட்டும் பார்க்காமல், மொழி வகுப்பில் மூன்று திறன்களை வளர்க்கும் கருவியாக எடை போட்டுப் பார்ப்பதே இந்த மதிப்புரையின் நோக்கம். சொந்தமாக எழுதுதல், கேட்பவர் மனம் ஏற்கும்படி பேசுதல், நகைச்சுவையைப் புரிந்துகொண்டு கையாளுதல் ஆகியவையே அந்த மூன்று. இந்நூலை வகுப்பில் நடத்தும் ஆசிரியராகவும், அதை அன்றாடம் கையில் வைத்திருக்கும் பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்துபவராகவும் இதை எழுதுகிறேன். என் கையில் இருப்பது ஒன்பது இயல்கள் கொண்ட முதல் பதிப்பு. பின்னர் வந்த திருத்திய பதிப்பை வைத்திருப்பவர்களுக்குப் பாடங்களின் வரிசையும் எண்ணிக்கையும் சற்று மாறியிருக்கலாம்.

எழுத்துப் பயிற்சியைப் பொறுத்தவரை இந்நூலைத் தயங்காமல் பாராட்டலாம். முன்பிருந்த பாடநூல்களில் உரைநடை என்றால் பெரும்பாலும் அறிவுரைக் கட்டுரை என்றே பொருள். இங்கே பாரதியாரின் காற்றைப் பற்றிய வசனகவிதை, ப. சிங்காரத்தின் புயல் வருணனை, கி. ராஜநாராயணனின் கரிசல் வழக்கு, சா. கந்தசாமியின் அனுமார் வேடக் கலைஞர் கதை எனத் தேர்ந்தெடுத்த பகுதிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நடைக்கு மாதிரியாக நிற்கின்றன. அவற்றையொட்டிக் கேட்கப்படும் வினாக்களும் கதைச்சுருக்கத்தோடு நின்றுவிடவில்லை. புயலில் தோணி படும் பாட்டை வருணனைகளும் அடுக்குத்தொடர்களும் ஒலிக்குறிப்புச் சொற்களும் எவ்வாறு விவரிக்கின்றன என்று ஒரு நெடுவினா கேட்கிறது. கதையில் என்ன நடந்தது என்பதை விட்டுவிட்டு, நடந்ததைச் சொன்னவர் எந்தக் கருவிகளைக் கொண்டு சொன்னார் என்று பதினைந்து வயதுப் பிள்ளையைப் பார்க்கச் சொல்லும் இந்த வினா ஒன்றுக்காகவே நூலாசிரியர் குழுவுக்கு நன்றி சொல்ல வேண்டும். எழுதக் கற்பதன் முதல் படி அதுதான்.

ஆனால், படைப்பெழுத்துக்கென்றே ஒதுக்கப்பட்ட பயிற்சி இந்த அளவுக்குப் பயன்படவில்லை. ஒரு படத்தைக் கொடுத்துக் ‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக’ என்று கேட்பது நல்ல எண்ணமே. பொதுத்தேர்வில் அதற்கு 5 மதிப்பெண் என்றானவுடன், எந்தப் படத்துக்கும் பொருந்தும் எட்டு வரிகளைத் துணைநூல்கள் அச்சிட்டுக் கொடுத்துவிட, மாணவர் படத்தைப் பார்க்காமலேயே காட்சியைக் கண்டதாக எழுதிவிடுகிறார். மரம் வளர்ப்புக்கும் நூலகத்துக்கும் உழவருக்கும் ஒரே கவிதை! படத்தில் இருப்பவற்றுள் மூன்று பொருள்களையாவது பெயர் சொல்லி எழுத வேண்டும் என்ற ஒரே ஒரு நிபந்தனையை நூல் சேர்த்திருந்தால், இந்த வார்ப்பு வரிகளில் பாதி அன்றே உதிர்ந்திருக்கும்.

நூலின் மிகச் சிறந்த பயிற்சி எது என்று கேட்டால், பெரிய எழுத்தில் தலைப்பிட்ட எதையும் காட்டமாட்டேன்; இரண்டாம் இயலில் சிறுவினாக்களுக்கிடையே ஒடுங்கிக் கிடக்கும் ஒன்றைத்தான் காட்டுவேன். சோலைக் காற்றும் மின்விசிறிக் காற்றும் பேசிக்கொள்வதுபோல் ஓர் உரையாடல் அமைக்க வேண்டும் என்பது அந்த வினா. இதில் கற்பனை இருக்கிறது, இரு தரப்பு வாதம் இருக்கிறது, கேலிக்கும் தாராளமாக இடம் இருக்கிறது. அதாவது, மூன்று திறன்களும் ஒரே வினாவில் கூடி நிற்கின்றன. இதை எழுதச் சொன்னால் பெரும்பாலான பிள்ளைகள் முதலில் ‘நான் தூய்மையானவன், நீ செயற்கையானவன்’ என்று இரண்டு காற்றுகளையும் மேடைப்பேச்சாளர்களாக்கிவிடுகிறார்கள். அந்த உரையாடலுக்கு உயிர் கொடுக்கும் மருந்து இதே நூலின் ஐந்தாம் இயலில், வினா விடை வகைகள் என்ற இலக்கணப் பாடத்தில் இருக்கிறது.

விடை எட்டு வகை. அவற்றுள் சுட்டு, மறை, நேர் என்ற மூன்றும் நேரடி விடைகள், மற்ற ஐந்தும் குறிப்பால் விடையாகுபவை என்று அந்தப் பாடம் சொல்கிறது. ஏவல் (கேட்டவரையே செய்யச் சொல்லுதல்), வினா எதிர் வினாதல் (வினாவையே விடையாக்குதல்), உற்றது உரைத்தல் (நேர்ந்ததைச் சொல்லுதல்), உறுவது கூறல் (நேரப்போவதைச் சொல்லுதல்), இனமொழி (தொடர்புடைய வேறொன்றைச் சொல்லுதல்) ஆகிய அந்த ஐந்தும் தமிழ்நாட்டுத் திண்ணைப் பேச்சின் ஐந்து உத்திகள் என்பதை எந்தப் பிள்ளையும் அரை நொடியில் ஒப்புக்கொள்ளும். கேட்ட கேள்விக்கு நேரே பதில் சொல்லாத இடத்தில்தான் நம் நாட்டுச் சிரிப்பு பிறக்கிறது. திரைப்பட நகைச்சுவைக் காட்சிகள் பலவும் இந்த ஐந்தில்தான் ஓடுகின்றன. காற்றுகளின் உரையாடலை இந்த ஐந்து வகை விடைகளை மட்டுமே கொண்டு திருப்பி எழுதச் சொன்னபோது, ஒரு மாணவியின் மின்விசிறி, ‘பொத்தானை அழுத்தியதும் நான் வருவேன், நீ வருவாயா?’ என்று கேட்டது. சோலைக் காற்று, ‘மின்சாரம் போனால் நீ வருவாயா?’ என்று திருப்பிக் கேட்டது. ‘என்னைப்போல் ஐந்தாம் எண்ணில் சுழல்வாயா?’ என்று மின்விசிறி விடாமல் கேட்க, ‘கூரை பறக்கும்’ என்று வந்தது பதில். முதலாவது வினா எதிர் வினாதல், இரண்டாவது உறுவது கூறல். வகுப்பு சிரித்தது, அதே நேரத்தில் வகைப்பெயர்கள் நெட்டுருப் போடாமலேயே மனத்தில் நின்றன. இந்த இரண்டு பாடங்களையும் இணைத்துப் பார்க்க நூல் எங்குமே வழிகாட்டவில்லை என்பதுதான் வருத்தம். இரண்டாம் இயலில் பூட்டும் ஐந்தாம் இயலில் சாவியுமாகக் கிடக்கின்றன.

இதே குறை முதல் இயலில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. உரைநடையின் அணிநலன்களைப் பேசும் எழில் முதல்வனின் பாடம் முரண்படு மெய்ம்மை, சொல்முரண், எதிரிணை இசைவு, உச்சநிலை என்று உரைநடைக்குரிய உத்திகளைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துகிறது. முரணான இரண்டை எதிரெதிரே நிறுத்தும் எதிரிணை இசைவுக்குச் சான்றாகத் தரப்படுவது, குடிசைகளை ஒரு பக்கமும் கோபுரங்களை மறுபக்கமும் நிறுத்திப் பேசும் பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தத்தின் வரிகள். பசித்த வயிறுகளுக்கு எதிரே அவர் நிறுத்துவது பணக்காரர்களை அல்ல, அளவுக்கு மீறி உண்டு புளித்த ஏப்பம் விடும் புளிச்சேப்பக்காரர்களை. அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் கூட்டம் சிரித்திருக்கும். சிரித்த பிறகுதான் சினந்திருக்கும். நகைச்சுவையும் வாதமும் ஒன்றுக்கொன்று எப்படித் துணைநிற்கின்றன என்பதைக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. எனினும், பாடத்தில் அது எழுத்துக்கான அணியாக மட்டுமே நிற்கிறது. அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லில் குரலை உயர்த்த வேண்டும், இதே அமைப்பில் தன் பள்ளியைப் பற்றியோ தெருவைப் பற்றியோ நான்கு வரிகள் பேசிப் பார்க்க வேண்டும் என்ற பயிற்சிகள் பின்னால் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கடிதப் பயிற்சிகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. உணவு விடுதியில் தரமற்ற உணவு கூடுதல் விலைக்கு வழங்கப்பட்டதைப் பற்றி உரிய சான்றுகளுடன் உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு முறையீட்டுக் கடிதம் எழுத வேண்டும். ‘உரிய சான்றுகளுடன்’ என்ற சொற்களில்தான் இந்தப் பயிற்சியின் மதிப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. படிப்பவரை நம்ப வைப்பது உரத்த குரலா, சான்றா என்ற பாடம் அதில் இருக்கிறது. ஆனால் விடைத்தாள்களில் அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள் எல்லாம் அளவெடுத்தாற்போல் அமைந்திருக்க, சான்று என்னவோ ‘உணவு மிகவும் மோசமாக இருந்தது’ என்ற ஒரே வரியோடு முடிந்துவிடுகிறது. எந்த நாள், எந்த வேளை, சாம்பார் புளித்திருந்ததா, பரோட்டா வேகவில்லையா, விலைப்பட்டியலில் என்ன விலை, ரசீதில் என்ன விலை என்று ஒருவரும் எழுதுவதில்லை. மதிப்பெண் வடிவத்துக்குப் போகும்போது பிள்ளைகளைக் குறை சொல்லவும் முடியாது.

இந்தக் கடிதத்தோடு காளமேகப் புலவரின் வெண்பா ஒன்றைச் சேர்த்து நடத்தினால் வகுப்பின் முகமே மாறிவிடுகிறது. நாகையில் காத்தான் என்பவரின் சத்திரத்தில் சோற்றுக்குக் காத்திருந்து சலித்துப்போனவர் பாடியது அது:

கத்துக் கடல்சூழ்நாகைக் காத்தான்தன் சத்திரத்தில்
அத்தமிக்கும் போதில் அரிசிவரும் – குத்தி
உலையிலிட ஊரடங்கும் ஓரகப்பை அன்னம்
இலையிலிட வெள்ளி எழும்.

சூரியன் மறையும்போதுதான் அரிசியே வருகிறது, அதைக் குத்தி உலையில் இடும்போது ஊர் உறங்கிவிடுகிறது, ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி முளைக்கிறது. ‘தாமதம்’ என்ற சொல்லே இல்லாமல், மூன்று நேரங்களைச் சான்றாக வைத்து முடித்துவிட்ட முறையீடு இது. சத்திரத்தார் வருந்திக் கேட்டுக்கொண்டதும், ஊரின் பசி அடங்கும், சோற்றின் வெண்மையில் வெள்ளியே எழும் என்று இதே சொற்களுக்குப் புகழ்ச்சிப் பொருளும் சொன்னார் என்பது வழிவழியாக வரும் கதை. முறையீட்டுக் கடிதம், சிலேடை, ஒரே செய்தியை இரு தரப்பிலிருந்தும் பேசுதல் ஆகிய மூன்றுக்கும் நான்கு வரிகள் போதும் என்று காட்டும் பாடல் இது.

சிலேடை நூலில் இல்லாமல் இல்லை. முதல் இயலிலேயே தமிழையும் கடலையும் ஒருசேரப் பாடும் இரட்டுற மொழிதல் பாடல் ஒன்று வருகிறது. திறமான பாடல்தான். ஆனால் அது வணங்க வைக்கிறதே தவிரச் சிரிக்க வைப்பதில்லை. இந்த நூல் முழுவதிலும் நகைச்சுவை இப்படி வாசலோடு நிறுத்தப்பட்டிருக்கிறது. ஒன்பது இயல்களில் நகைச்சுவையையே பொருளாகக் கொண்ட பாடம் ஒன்றுகூட இல்லை. உணர்ச்சிகளின் வெளிப்பாடுகளான மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்து, எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று அது பிறக்கும் நான்கு இடங்களையும் வகுத்துக் காட்டிய தொல்காப்பியரின் மொழியில் இது வியப்பான விடுபாடு. எள்ளலுக்கும் இழிவுபடுத்தலுக்கும் இடையே கோடு எங்கே என்பதைப் பதினைந்து வயதில் வகுப்பறையில் பேசாவிட்டால், அதைக் கைபேசியில் சுற்றிவரும் கேலிப் படங்களிடமிருந்துதான் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள்.

பேச்சு வழக்கை நூல் கையாளும் முறையும் சிரிப்புக்கு உதவவில்லை. தேநீர்க் கடைக்கு எதிரே காத்திருக்கும் தம்பியும் தொலைபேசியில் அண்ணனும் ‘வெரசா’, ‘அங்ஙனக்குள்ளயே’ என்று தென்பாண்டி வாடையோடு பேசும் அருமையான உரையாடலைக் கொடுத்துவிட்டு, அதை எழுத்து வழக்குக்கு மாற்றச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். மாற்றி எழுதியதும் அண்ணனும் தம்பியும் அரசு அலுவலர்கள்போல் பேசத் தொடங்குகிறார்கள். இதே பயிற்சியைத் தலைகீழாக்கி, ஓர் அலுவலகச் சுற்றறிக்கையைத் தன் ஊர்ப் பேச்சில் பாட்டிக்கு விளக்குமாறு கேட்டால், எழுத்தும் பேச்சும் சிரிப்பும் சேர்ந்தே வரும்.

பேச்சுத்திறனில்தான் நூல் மிகவும் பின்தங்குகிறது. ‘கற்பவை கற்றபின்’ பகுதிகள் கலந்துரையாடவும் வகுப்பில் எடுத்துரைக்கவும் அவ்வப்போது சொல்கின்றன. எப்படி என்பதைச் சொல்வதில்லை. பட்டிமண்டபம் என்ற சொல் மணிமேகலையிலேயே இருக்கிறது; பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வீடுதோறும் தொலைக்காட்சியில் பட்டிமன்றம் ஓடுகிறது; இருந்தும், எதிர்த்தரப்பின் வலுவான கருத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுப் பிறகு மறுப்பது எப்படி என்ற எளிய பயிற்சிகூடப் பாடநூலில் இடம்பெறவில்லை. பத்தாம் வகுப்புத் தமிழுக்குரிய 100 மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வுக்கே போகும்போது, நடத்துபவரும் அந்தப் பகுதியை வேகமாகப் புரட்டிவிடுகிறார் என்பதே நடைமுறை. நான் வகுப்பில் வெளியிலிருந்து கொண்டுவருவது புறநானூற்றின் 95ஆம் பாடல். அதியமானின் தூதராகச் சென்று தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்த ஔவை, இங்குள்ள வேல்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவல் மனையில் அழகாக இருக்கின்றன, எங்கள் அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். பாராட்டுவதுபோல் தொடங்கி, ஒரு கடுஞ்சொல்லும் இல்லாமல், போர் வேண்டாம் என்று எதிரியையே எண்ண வைக்கும் அந்தப் பேச்சைப் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டியதில்லை. இரண்டு முறை வாய்விட்டுப் படித்தால் போதும்.

நூலின் புறத்தோற்றத்தில் குறை சொல்ல அதிகமில்லை. படங்கள் தெளிவாக இருக்கின்றன, எழுத்து கண்ணை உறுத்தவில்லை, மின்நூலாகவும் இலவசமாகக் கிடைக்கிறது. விரைவுத் துலங்கல் (QR) குறியீடுகள் வழியாகச் செல்லும் காணொளிகளைவிட ஆசிரியர் ஒருமுறை உரக்கப் படிப்பது மேல் என்பது என் கருத்து. வெளிநாட்டில் வார இறுதித் தமிழ்ப் பள்ளி நடத்துபவர்கள் இதை வாங்கினால், செய்யுள் பகுதியைவிட உரைநடை, விரிவானப் (துணைப்பாடப்) பகுதிகளிலிருந்து தொடங்குவது நல்லது. வீட்டில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க நினைக்கும் பெற்றோர், துணைநூலை மூடி வைத்துவிட்டு, காற்றுகளின் உரையாடலையும் உணவு விடுதிக் கடிதத்தையும் முதலில் எழுதச் சொல்லட்டும். அடுத்த முறை நூலைத் திருத்தும் குழுவிடம் நான் கேட்பது புதிய பாடங்களை அல்ல. வினா விடை வகைகளின் கீழே ‘இரண்டாம் இயல் உரையாடலை இவற்றைக் கொண்டு மீண்டும் எழுதுக’ என்று ஒரு வரியும், ஜீவாவின் வரிகளுக்குக் கீழே ‘இதே அமைப்பில் ஒரு நிமிடம் பேசுக’ என்று ஒரு வரியும், அப்படிப் பேசியதற்கு அகமதிப்பீட்டில் 10 மதிப்பெண்ணும் கிடைத்தால் போதும்.