வெலோச்சேன்னு சொல்லி ஜூனியரைத் தலையில கட்டிட்டாங்க: பழைய அல்ஃபா கூபே வாங்கப் போறவங்க படிச்சிட்டுப் போங்க

இத்தாலியில மிலானோவைச் சுத்தி பழைய அல்ஃபா ரொமேயோ தேடிட்டு இருக்கிற நம்ம ஆளுங்க யாராவது இருந்தா இதை முழுசாப் படிங்க. 1967 மாடல் ஜூலியா ஸ்பிரிண்ட் ஜிடி வெலோச்சேன்னு சொல்லி ஒரு டீலர் எனக்கு வித்த வண்டி வெலோச்சேவே இல்ல. அது ஜிடி 1300 ஜூனியர், அதே உடம்புல சின்ன இன்ஜின் வச்ச, விலை கம்மியான மாடல். மேல வெலோச்சேயோட கிரில்லு, பேட்ஜு, சேஸி தகடு எல்லாத்தையும் மாட்டி, சிகப்பு பெயின்ட் அடிச்சு, பல ஆயிரம் யூரோ கூட வச்சு வித்துட்டாங்க. கேஸ் நடக்குது, கடை பேரைச் சொல்லக்கூடாதுன்னு வக்கீல் கண்டிப்பா சொல்லிட்டாரு, அதனால பேரு இல்லாம எழுதுறேன்.

இந்த ஏமாத்து ஏன் இவ்வளவு சுலபம்னு புரியணும்னா வண்டியோட கதை கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும். 1963ல ஜூலியா ஸ்பிரிண்ட் ஜிடி வந்துச்சு, பெர்த்தோனே கம்பெனில ஜோர்ஜெத்தோ ஜுஜாரோ ரொம்ப சின்ன வயசுல வரைஞ்ச டிசைன். இன்னைக்குப் பாத்தாலும் அந்த உடம்புல ஒரு கோடு கூட அதிகமாத் தெரியாது, நான் இதுக்காகவே வருஷக்கணக்கா காசு சேத்தேன். முன்னாடி பானெட்டோட விளிம்பு மூக்கைவிட லேசா ஒசந்து ஒரு சின்னப் படி மாதிரி நிக்கும், அந்த வண்டிங்களைத்தான் இங்க ஸ்கலீனோன்னு சொல்றாங்க. அதே உடம்புலதான் அல்ஃபா எல்லாத்தையும் பண்ணாங்க. 1570 சிசி ஸ்பிரிண்ட் ஜிடி, 1966ல அதே இன்ஜினை 109 குதிரைசக்திக்கு ஏத்தின வெலோச்சே, அதே வருஷம் வரி கம்மியா கட்டணும்னு நெனைச்சவங்களுக்காக 1290 சிசில ஜூனியர், அதுக்கு முன்னாடி 1965லயே ரேஸுக்காக அலுமினிய உடம்போட ஜிடிஏ. அப்புறம்தான் நாலு ஹெட்லைட் வச்ச 1750, 1971ல 2000 எல்லாம். ஸ்கலீனோ வண்டிங்களுக்கு கதவு, பானெட், கண்ணாடி எல்லாம் ஒரே அளவு, ஒண்ணோடது இன்னொண்ணுல அப்படியே உக்காந்துரும். ஜூனியர் நெறைய இருக்கு, வெலோச்சே 1968 வரைக்கும்தான் பண்ணாங்க, அதனால விலைல பெரிய வித்தியாசம். கருப்பு கிரில்லுல ஒரு குரோம் பட்டி இருந்தா ஜூனியர், மூணு பட்டி இருந்தா வெலோச்சே, வெலோச்சேக்கு பின்பக்கத் தூண்ல பச்சை க்ளோவர் இலை பேட்ஜும் இருக்கும். இந்த ரெண்டும் புதுசா செஞ்சே கடைல கிடைக்குது, ஒரு மத்தியானத்துல மாத்திரலாம்.

நான் பாக்கப் போனப்ப பேட்ஜ், கிரில் எல்லாம் சரியா இருந்துச்சு. பானெட்டைத் தூக்கினா உள்ள ரிவெட் அடிச்ச தகடுல 105.36னு இருக்கு, அது வெலோச்சேயோட டைப் நம்பர். அடியில பாக்கணும் லிஃப்ட்ல ஏத்துங்கன்னு கேட்டேன், லிஃப்ட் ரிப்பேர்ல இருக்கு, ரெஸ்டோரேஷன் ஆல்பமே இருக்கு பாருங்கன்னு தடியா ஒரு ஃபோல்டரைக் குடுத்தான், உள்ள வண்டி வெறும் ஷெல்லா, அதாவது தகரக் கூடா இருக்கிறப்ப எடுத்த படம், கதவுக்குக் கீழ புது சில் வெல்டிங் பண்ற படம், ப்ரைமர் படம்னு நல்லாத்தான் இருந்துச்சு. வண்டில நம்பர் பிளேட் இல்ல, பெயின்டுக்குக் கழட்டினதாம். லிப்ரெத்தோ, அதாவது வண்டியோட பதிவுப் பேப்பர் எங்கன்னா ஏஜென்சில பேர் மாத்துறதுக்குக் குடுத்திருக்காங்களாம். எது கேட்டாலும் பதில் தயாரா இருந்துச்சு.

காசு முழுசாப் போய்ச் சேந்த பிறகு ஒரு வழியா பேப்பர் கைக்கு வந்துச்சு. சிலிந்த்ராத்தா, அதாவது இன்ஜின் சிசின்னு போட்ட எடத்துல 1290. டைப் 105.30, அது ஜூனியரோடது. நான் அல்ஃபாவோட ஆவணக்காப்பகத்துக்கு எழுதி அந்த சேஸி நம்பருக்கு பிறப்புச் சான்று வாங்கினேன், பழைய அல்ஃபாவுக்கு எந்த மாடல், எப்ப செஞ்சது, என்ன கலர்னு எழுதிக் குடுப்பாங்க. பதில் வந்துச்சு: ஜிடி 1300 ஜூனியர், 1968, வெள்ளை. பின் சீட்டைக் கழட்டி அட்டையைத் தூக்கிப் பாத்தா தகரத்துல இன்னும் அந்த வெள்ளை அப்படியே இருக்கு. ஆல்பத்துல இருந்த ஷெல்லு அதே எடத்துல சிகப்பு. அது வேற வண்டியோட ஆல்பம்!

அப்ப இன்ஜின் எப்படி 1600 மாதிரி இழுக்குதுன்னு கேப்பீங்க. இன்ஜின் 1570 சிசிதான், ஆனா பிளாக்ல இருக்கிற நம்பர் 00526ல ஆரம்பிக்குது, அது ஜூலியா சூப்பர்ங்கிற நாலு கதவு செடான்ல வர்றது. வெலோச்சேக்கு 00536. இந்த நம்பர் தூசியும் ஆயிலும் படிஞ்சிருக்கிற எடத்துல இருக்கும், துணி வச்சுத் தொடச்சாத்தான் தெரியும், என் வண்டில அந்த எடத்துல மட்டும் தடியா கருப்பு பெயின்ட் பூசி வச்சிருந்தாங்க.

அடிப்பக்கம் இன்னும் மோசம். இந்த வண்டிங்களுக்கு துரு முதல்ல பிடிக்கிறது சில்லுலதான், கதவுக்குக் கீழ ஓடுற அந்தப் பெட்டி மாதிரி பாகம், உள்தகடு நடுத்தகடு வெளித்தகடுன்னு மூணு அடுக்கு, வண்டியோட பலமே அதுலதான் இருக்கு. எனக்குத் தெரிஞ்ச ஒரு கரொத்சியேரே, அதாவது வண்டி பாடி வேலை பண்றவர், அறுபது தாண்டின பெரியவர், இந்த மாடல்களோடயே வாழ்ந்தவர், கதவுக்குக் கீழ காந்தத்தை வச்சு இழுத்துட்டே போனார், பாதிதூரம் பிடிச்சுது, அப்புறம் பொத்துன்னு விழுந்துச்சு. ஸ்க்ரூடிரைவரால கருப்பு அண்டர்கோட்டை சுரண்டினா கீழ ஓட்டையை அடைக்கப் பூசின புட்டி, புட்டிக்குக் கீழ கண்ணாடி நார், அதுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல, விரல் உள்ள போகுது. நடுத்தகடு மக்கிப் போய் துருவாக் கொட்டுச்சு. வெளித்தகடை மட்டும் புதுசா அழுகின மேலயே வெல்டு அடிச்சிருக்காங்க. ஜாக்கி வைக்கிற எடத்துல ஜாக்கி வச்சா வண்டி ஏறாது, ஜாக்கி உள்ள போயிரும்னார் அவர். இந்த வண்டில என் பசங்களைப் பின்னாடி உக்கார வச்சு ஆட்டோஸ்த்ராதால (ஹைவேல) போயிருக்கேன், அதை நெனைச்சா இப்பவும் ஒடம்பு நடுங்குது. துட்டு போனதைவிட இதுதான் எனக்கு ஆறல.

கியர் பாக்ஸ்ல ரெண்டாவது கியர் குளிர்ல கரகரன்னு கடிக்கும், அது இந்த அல்ஃபாக்கள்ல பொதுவா வர்றதுதான், அதுக்கு நான் கோவப்படல. சரி பண்ணித் தர்றேன்னு டீலர் வண்டியை வாங்கி வச்சுட்டு வாரக்கணக்கா இழுத்தடிச்சு, எதையும் தொடாம கெட்டி ஆயிலை ஊத்தி அனுப்பிட்டு பில்லு போட்டான் பாருங்க, அதுதான்.

இனி பேப்பர் விஷயம், இதுல நெறைய பேர் மாட்டுறாங்க. விளம்பரத்துல வெலோச்சேன்னு மாடலோட முழுப் பேரும் போட்டிருந்தான், காண்ட்ராக்ட்ல வெறும் "அல்ஃபா ரொமேயோ கூபே, பழைய வண்டி", கீழ "விஸ்தோ எ பியச்சூத்தோ", அதாவது பாத்துப் பிடிச்சுத்தான் வாங்கினேன்னு ஒரு வரி. அதைவிடப் பெருசு, விக்கிறவர் பேருல டீலர் இல்ல, யாரோ தனி ஆள், வண்டி கடைல கோந்தோ வென்தித்தால, அதாவது ஓனருக்காக வித்துக் குடுக்க மட்டும் நிக்குதாம். டீலர் தன் பேருல நமக்கு வித்தா நுகர்வோர் சட்டப்படி பொறுப்பு உண்டு, பழைய பொருளுக்கு ஒரு வருஷத்துக்குக் கீழ குறைக்க முடியாது, அந்த "பாத்துப் பிடிச்சு" வரியெல்லாம் அங்க செல்லாது. தனி ஆள் தனி ஆளுக்கு வித்ததா காட்டிட்டா அந்தப் பாதுகாப்பு கைவிட்டுப் போயிருது, இத்தாலி சிவில் கோடு 1495தான் மிச்சம், குறை தெரிஞ்ச எட்டு நாளுக்குள்ள வித்தவருக்குச் சொல்லணும். நான் சான்று வந்த உடனே வக்கீலைப் பிடிச்சு பிஇசில (சட்டப்படி செல்லுற பதிவு ஈமெயில்ல) அனுப்ப வச்சேன், அதனாலதான் கேஸே தள்ளுபடி ஆகாம நிக்குது. விளம்பரத்தோட ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருந்தது இப்ப முக்கியமான சாட்சி. குறையுள்ள வண்டி வித்ததுங்கிறது வேற, சொன்ன வண்டிக்குப் பதிலா வேற வண்டியே குடுத்ததுங்கிறது வேற, ரெண்டாவதுக்கு அந்த எட்டு நாள் கெடு பொருந்தாதுன்னு வக்கீல் அந்த வழியில வாதாடுறார்.

வாங்கப் போறீங்கன்னா பிளேட் நம்பரை வாங்கி பிஆர்ஏல (அரசாங்க வண்டிப் பதிவேடு) ஒரு விசுரா, அதாவது பதிவு விவர நகல் எடுங்க, சில யூரோதான். சிசியும் ஓனர் பேரும் அதுலயே வந்துரும். நம்பர் தரமாட்டேன்னா முன்பணம் குடுக்காதீங்க. குடுக்கிற முன்பணம் கபார்ராவா (உறுதிப் பணம்) அக்கோந்தோவான்னு (விலைல ஒரு பகுதி மட்டும்) பேப்பர்ல பாருங்க, கபார்ரா கோன்ஃபெர்மத்தோரியான்னு இருந்தா அவன் சொன்னபடி நடக்கலேன்னா ரெண்டு மடங்கு திருப்பிக் கேக்கலாம், நீங்க பின்வாங்கினா அது போச்சு. ரிவெட் அடிச்ச தகடை நம்பாதீங்க, அது புதுசா அடிச்சுக் குடுக்கிறாங்க, ஃபயர்வால், அதாவது இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவுல இருக்கிற தகரத்துல அடிச்சிருக்கிற நம்பரைத்தான் பாக்கணும். லிஃப்ட் அங்க இல்லேன்னா பக்கத்து மெக்கானிக்கிட்ட கொண்டு போகலாம்னு சொல்லுங்க, அதுக்கும் சாக்கு சொன்னா கிளம்பிருங்க.

நான் கடைசியாப் போனப்ப அதே டீலரோட கொட்டகைல இன்னொரு ஸ்கலீனோ வெள்ளையா நின்னுச்சு, அதை ஜிடிஏன்னு சொல்லி ஒரு ஜெர்மன் தம்பதிக்குக் காட்டிட்டு இருந்தான். 1600 ஜிடிஏ மொத்தமே 500 பக்கம்தான், உடம்பு பெரலுமான்ங்கிற அலுமினியக் கலவை, காந்தம் ஒட்டாது, ஹெட்டுல சிலிண்டருக்கு ரெண்டா எட்டு பிளக் இருக்கும். அந்த வண்டி பானெட் தொறந்துதான் இருந்துச்சு, நான் எண்ணிப் பாத்தேன், நாலுதான். அந்த தம்பதிகிட்ட வெளிய பார்க்கிங்ல சொல்லிட்டேன். வண்டி இன்னும் விளம்பரத்துல இருக்கு.