வயது பார்த்துச் சேர்க்கும் சியர்லீடிங் வகுப்பு: எட்டு மாத அனுபவம்

கொழும்பு ஹவ்லொக் வீதியில் இருந்து கிருலப்பனைப் பக்கம் போகும் ஓர் ஒழுங்கைக்குள், பழைய வீடொன்றின் பின்வளவில், தகரக் கூரை போட்ட மண்டபத்தில் இந்த வகுப்பு நடக்கிறது. சனிக்கிழமை காலை 8 முதல் 10 வரை, புதன் பின்னேரம் 4.30 முதல் 6 வரை. மாதம் 9,000 ரூபாய். டம்பிளிங் (தரையில் கரணம் போடுவது, புரளுவது), ஸ்டண்ட் (ஒருவரை மற்றவர்கள் தூக்கி நிறுத்துவது), நடனம் மூன்றும் சேர்ந்த முழுப் பயிற்சி. என் மகள் எட்டு மாதமாகப் போகிறாள். வகுப்பின் பெயரை இங்கே போடவில்லை. எழுதப்போகிறேன் என்று வகுப்பை நடத்தும் மிஸ்ஸிடம் சொன்னபோது, "இப்போதே 34 பிள்ளைகள், ஜனவரி வரை யாரையும் எடுக்க ஏலாது, பெயரைப் போட்டால் வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டி வரும்" என்றார். அந்தப் பக்கம் பிள்ளைகள் உள்ள வீடுகளில் விசாரித்தால் இடம் தெரிந்துவிடும்.

இதற்கு முன் மகள் ஐந்து மாதம் வேறொரு வகுப்புக்குப் போனாள். அதன் பெயரையும் சொல்லமாட்டேன், ஆனால் அங்கே நடந்ததைச் சொல்லாமல் இந்த வகுப்பின் அருமை விளங்காது.

வெள்ளவத்தையில் காலி வீதியில் எனக்குச் சின்னதாக ஒரு போட்டோகொப்பிக் கடை. முதல் வகுப்பை நடத்தியவர் ஒருநாள் கடைக்கு வந்து, போட்டிக்கு அனுப்பும் படிவங்கள் என்று ஒரு கட்டைத் தந்து ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி கேட்டார். ஒவ்வொரு தாளாகக் கண்ணாடியில் கவிழ்த்து எடுத்துக்கொண்டு வந்தேன். ஏழாவதோ எட்டாவதோ தாளில் மகளின் பெயர். பிறந்த நாள் சரி, மாதம் சரி, ஆண்டு 2013 என்று இருந்தது. அவள் பிறந்தது 2015. தாளைக் கையில் வைத்துக்கொண்டு பட்டனை அமத்தியிருக்கிறேன். வெளிச்சக் கோடு வெறும் கண்ணாடியில் ஒருதடவை போய்வந்தது.

கேட்டேன். அவர் பதறவே இல்லை. "அண்ணா, அந்தக் குழுவில் 12 வயதுக்குக் கீழே போட விடமாட்டார்கள். மேலே நிற்க லேசான பிள்ளை ஒன்று வேண்டும். இவள் 26 கிலோதானே, தூக்கச் சுகம். எல்லாரும் செய்கிறதுதான்" என்றார். வயதைத் தவறாக எழுதியவருக்கு நிறை மட்டும் சரியாகத் தெரிந்திருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தத் தாளை மட்டும் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன். அடுத்த வகுப்புக்கு மகளை அனுப்பவில்லை.

அதற்கும் இரண்டு கிழமைக்கு முன்பிருந்தே கை மணிக்கட்டு நோகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தைலம் பூசிவிட்டோம். அங்கே தரை வெறும் டைல்ஸ், அதன்மேல் யோகாப் பாய் மாதிரி மெல்லிய விரிப்பு. பிள்ளைகள் அதில் பின்பக்கமாகக் கை ஊன்றிப் புரண்டார்கள். டொக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, ஆரை எலும்பின் நுனியில், எலும்பு வளருகிற இடத்தில் தாக்கம் இருக்கிறது, ஆறு கிழமை கை ஊன்றவே கூடாது என்றார். வளர்ந்தவர்களுக்கு அந்த இடம் எலும்போடு எலும்பாக இறுகிவிடும். பிள்ளைகளுக்கு அது இன்னும் குருத்து. உடம்பின் பாரம் முழுக்கத் திரும்பத் திரும்ப அதில் விழுந்தால் முதலில் நோகும், கவனிக்காமல் விட்டால் வளர்ச்சியே குழம்பலாம். ஜிம்னாஸ்டிக்ஸ் செய்யும் பிள்ளைகளிடம் இது நன்றாகத் தெரிந்த காயம் என்பதை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

சரி, இனி இந்த வகுப்பு.

முதல் நாள் மிஸ் கேட்டது பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். கொப்பி கொண்டுபோயிருந்தேன். "ஒரிஜினல் கொண்டு வாங்க, பிறகு சேர்ப்போம்" என்று கொப்பியைத் திருப்பித் தந்துவிட்டார். அடுத்த சனி கொண்டுபோனேன். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, ஒரு பெரிய பதிவுப் புத்தகத்தில் தன் கையாலேயே திகதியை எழுதி, என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார். அப்புறம் மகளைச் சுவரோரம் கூட்டிப் போனார். "ரெண்டு கையையும் சுவரில் வை. மெல்லமாச் சாய்." அவள் சாயும்போது மிஸ் கையைப் பார்க்கவில்லை, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கண் ஓரம் கொஞ்சம் சுருங்கியது, எனக்கே அது தெரியவில்லை. "இன்னும் நோகுது, என்ன?" என்றார். மகள் இல்லை என்றாள். "இன்னும் மூன்று கிழமைக்குக் கை ஊன்ற வேண்டாம். கால் வேலை, பாலன்ஸ், டான்ஸ் செய்யலாம்" என்றார். அந்த மூன்று கிழமைக்கும் பாதிக் கட்டணம்தான் எடுத்தார்.

அப்புறம் ஆரம்பப் படியான லெவல் 1 குழுவில் போட்டார். மகள் திரும்பி வரும்போது ஓட்டோவில் வெள்ளவத்தை வரைக்கும் அழுதாள். பழைய இடத்தில் அவள் பெரிய பிள்ளைகளோடு நின்றவள். இங்கே ஏழு வயதுக்காரர்களோடு கரணம் போடச் சொன்னால் அழுகை வராதா? அவளுடைய அம்மாவுக்கும் கவலைதான். நான் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

சியர்லீடிங் என்றால் எங்கள் ஊரில் பள்ளிக்கூடங்களின் பிக் மட்ச் கிரிக்கெட் நாளில் கொடி ஆட்டுவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். போட்டி சியர்லீடிங் வேறு. லெவல் 1 முதல் 7 வரை படிப்படியாக ஏறும் விளையாட்டு அது. லெவல் 1 இல் பிள்ளையைத் தூக்கி எறிவதே கிடையாது. கை ஊன்றாமல் அந்தரத்தில் போடும் கரணம் லெவல் 3 இல்தான் தொடங்குகிறது. லெவலுக்கு மேல் வயதும் பார்ப்பார்கள். மேல் லெவல் குழுக்களுக்கு 'இந்த வயதுக்கு மேல் கூடாது' என்ற எல்லை மட்டுமல்ல, 'இந்த வயதுக்குக் கீழே கூடாது' என்ற எல்லையும் உண்டு. லெவல் ஏற ஏற அந்தக் கீழ் எல்லையும் பெரும்பாலும் ஏறும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2021 இல் இந்த விளையாட்டின் உலக அமைப்பை முழுமையாக அங்கீகரித்தது.

கீழ் எல்லை எதற்கு என்று மிஸ்ஸிடம் ஒருநாள் கேட்டேன். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ஒரு ஸ்டண்டில் மேலே நிற்பவர் ஃப்ளையர், கீழே தாங்கும் இருவர் பேஸ், பின்னால் பிடிப்பவர் பாக்ஸ்பொட். கீழே இருப்பவர்களுக்கு 17, 18 வயது, மேலே நிற்பவளுக்குப் பத்து என்றால் தூக்குவது சுகம், உயரமும் கிடைக்கும், புள்ளியும் கிடைக்கும். அதனால் எல்லாருக்கும் சின்னப் பிள்ளை மேல்தான் ஆசை. "ஆனா அங்கிள், அவள் வளருவாள்தானே? 13 இல் உயரம் வந்ததும் அடுத்த சின்னப் பிள்ளையைத் தேடுவாங்க. இவளுக்கு அதுவரை நிற்க மட்டும்தான் சொல்லிக் கொடுத்திருப்பாங்க. தாங்கத் தெரியாது, பிடிக்கத் தெரியாது. அதோட விட்டுடுவாள்." மிஸ்ஸின் தாய்மொழி சிங்களம். ஆனாலும் இதைத் தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிச் சொன்னார்.

அதனால் இந்த வகுப்பில் எல்லாப் பிள்ளையும் எல்லா இடத்திலும் நிற்க வேண்டும். 26 கிலோ என்று தூக்கிக்கொண்டு போகப்பட்ட என் மகள் இங்கே முதலில் படித்தது பேஸ் வேலை. இரண்டாம் மாதம் ஒரு சனி, காலை மடித்து நின்று தன் தொடையில் இன்னொரு பிள்ளையை ஏற்றித் தாங்கினாள். முடிந்ததும் ஓடிவந்து காற்சட்டையை உயர்த்திக் காட்டினாள். தொடையில் சப்பாத்தின் அடி வரி வரியாகப் பதிந்து சிவந்திருந்தது. "விழவிடயில்லை அப்பா" என்றாள். பழைய வகுப்பில் ஐந்து மாதத்தில் ஒருநாள்கூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

தரையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இங்கே பலகைக்கு மேல் தடித்த ஃபோம், அதற்கு மேல் கார்ப்பெட். காலால் அமத்தினால் உள்ளே போய் மேலே வருகிறது. 2012 இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் சியர்லீடிங் காயங்கள் பற்றி ஓர் அறிக்கை விட்டது. ஸ்டண்டும் பிரமிட்டும் ஃபோம் தரையிலோ புல்லிலோதான் செய்யவேண்டும், கடினமான தரையிலோ ஈரத் தரையிலோ கூடாது, பிரமிட் இரண்டு ஆள் உயரத்தைத் தாண்டக் கூடாது என்று அதில் இருக்கிறது. பழைய வகுப்பின் டைல்ஸ் தரையை நினைத்துப் பார்த்தேன். பிள்ளையை அங்கே கொண்டுபோய் விட்டவன் நான்தான்.

வாங்கிலில் காத்திருக்கும் பெற்றோருக்குள் இது அடிக்கடி வாக்குவாதமாகும். கெட்டித்தனம் இருந்தால் வயதைப் பார்க்கலாமா என்பார்கள் சிலர். 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் ருமேனிய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை நாடியா கொமனேச்சி முழுப் பத்துப் புள்ளி எடுத்தபோது அவருக்கு 14 தானே என்பார்கள். உண்மை. ஆனால் அதே ஜிம்னாஸ்டிக்ஸ் அதற்குப் பிறகு 1981 இல் பெண்களுக்குக் கீழ் எல்லையை 15 ஆக்கியது, 1997 இல் 16 ஆக்கியது. சீனாவின் டொங் ஃபாங்சியாவோ 2000 சிட்னியில் போட்டியிட்டபோது 14 வயதுதான் என்று பிறகு தெரியவந்து, 2010 இல் அந்த அணியின் வெண்கலத்தையே திருப்பி எடுத்தார்கள். பத்து வருடம் கழித்து! அணியில் இருந்த மற்றப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? அந்தத் தாளில் 2013 என்று அடித்தவரும் இதை யோசித்திருக்க மாட்டார். ஐஸ் ஸ்கேட்டிங்கிலும் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ரஷ்யாவின் 15 வயதுக் கமிலா வலியேவா ஊக்கமருந்துச் சர்ச்சையில் சிக்கிப் பட்ட பாட்டை உலகமே பார்த்தது. அதே 2022 இல் எல்லையை 15 இலிருந்து படிப்படியாக 17 ஆக்குவதற்கு முடிவெடுத்தார்கள்.

ஒரு தாய் மட்டும் நியாயமான ஒன்றைக் கேட்டார். டோக்கியோவில் ஸ்கேட்போர்டில் தங்கம் எடுத்த மொமிஜி நிஷியாவுக்கு 13, அதிலேயே 'பார்க்' என்ற பிரிவில் வெள்ளி எடுத்த கொக்கோனா ஹிராக்கிக்கு 12. அதை யாரும் தடுக்கவில்லையே? இதற்கு உடனே பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்தும் யோசித்தேன். பலகையில் ஏறுவதா இறங்குவதா என்று அந்தப் பிள்ளை தானே முடிவெடுக்கிறாள். சியர்லீடிங்கில் மேலே நிற்கும் பிள்ளை எப்போது ஏறுவது, எவ்வளவு உயரம், எப்போது பிடிப்பது எல்லாமே மற்றவர்கள் கையில். 'எனக்குப் பயமாயிருக்கு' என்று வளர்ந்த நாலு பேருக்கு நடுவில் நின்று சொல்வதற்கே ஒரு வயது வேண்டும். என் மகள் பழைய வகுப்பில் பயந்ததை எங்களிடம் சொன்னது, அதை விட்டு விலகி இரண்டு மாதம் கழித்துத்தான்.

எங்கள் பெற்றோருக்கு வயது விதி ஒன்றும் புதிதல்ல. தரம் 1 விண்ணப்பக் காலத்தில் என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேரின் கையில் பிறப்புப் பத்திரம்தான். ஜனவரி 31 அன்று ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். பெப்ரவரி 3 இல் பிறந்த பிள்ளையின் அப்பா ஒருவர் என் கடையில் நின்று கண் கலங்கியிருக்கிறார். ஆனாலும் ஒரு வருடம் பொறுத்து அடுத்த வருடம் அதே பத்திரத்தோடு வந்தார். படிப்புக்கு அவ்வளவு பொறுக்கிறவர்கள் பிள்ளையின் எலும்புக்கும் பொறுக்கலாம்.

குறைகள் இருக்கின்றன. கூரை தகரம், பெரிய விசிறி இரண்டு மட்டும், ஏப்ரலில் உள்ளே நிற்க முடியாது. தண்ணீர்ப் போத்தல் இரண்டு கொடுத்துவிடுங்கள். ஒழுங்கைக்குள் வாகனம் திருப்ப ஏலாது. காலி வீதிப் பக்கமிருந்து வருகிறவர்கள் ஓட்டோவில் வருவதே நல்லது. பயிற்சி ஆங்கிலமும் சிங்களமும் கலந்து நடக்கும், தமிழ் மொழிமூலம் படிக்கும் பிள்ளைக்கு முதல் மாதம் கஷ்டமாக இருக்கும். டிசெம்பர் விடுமுறைக்கும் முழுக் கட்டணம் வாங்குகிறார்கள், அது சரியில்லை என்று மிஸ்ஸிடம் நேரே சொல்லியிருக்கிறேன். போட்டிக்கு அனுப்புவதும் குறைவு. மேடையும் கிண்ணமும் சீக்கிரம் வேண்டும் என்கிறவர்களுக்கு இந்த இடம் சரிவராது.

ஆனால் ஒரு தடவை மண்டபத்துச் சுவரில் டிவியை வைத்து, மில்கா கெஹானி டி சில்வாவின் பயிற்சியைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினார். ஒலிம்பிக்குக்குப் போன முதல் இலங்கை ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை. டோக்கியோவில் அவருக்கு 18 வயது. மகள் வீட்டுக்கு வந்து விரல் விட்டு எண்ணினாள். "எனக்கு இன்னும் ஏழு வருஷம் இருக்கு அப்பா" என்றாள். அதற்குப் பிறகு லெவல் 1 என்று அவள் அழவில்லை. போன மாதம் லெவல் 2 க்கு ஏற்றினார்கள், மணிக்கட்டை மறுபடியும் சுவரில் வைத்துப் பார்த்த பிறகு.

ஜனவரியில் சேர்க்க நினைக்கிறவர்கள் நவம்பர் கடைசிக்குள் பெயரைக் கொடுத்து வையுங்கள். பிறப்புப் பத்திரத்தின் ஒரிஜினலைக் கொண்டுபோங்கள். கொப்பி எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மிஸ் வாங்கமாட்டார்.