டெம்போ முறை நானோ செல்லுலோஸ் கிட்: கூழை நம்பலாம், ப்ளீச்சை அளந்து பாருங்கள்

மரக்கூழிலிருந்து நானோ செல்லுலோஸ், அதாவது சில நானோமீட்டர் அகலமே உள்ள செல்லுலோஸ் இழைகளைப் பிரித்தெடுக்க, சிங்கப்பூரில் ஆய்வகப் பொருள் விற்பவர் ஒருவர் தருவிக்கும் இந்தக் கிட், பலதுறைத் தொழிற்கல்லூரி ஆய்வகங்களுக்கு நன்றாகவே பொருந்தும். வெளுத்த மரக்கூழ், டெம்போ என்ற வினையூக்கி, சோடியம் புரோமைடு, ப்ளீச், கையேடு எல்லாம் உண்டு. சோடியம் ஹைட்ராக்சைடும் பிஎச் மீட்டரும் உங்கள் பொறுப்பு.

கூழ் அருமை. ஒருமுறைகூட உலராத ஈரக்கூழாகவே வருகிறது. உலர்ந்த கூழில் இழைகள் ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகிவிடும், பிறகு பிரிப்பது பெரும்பாடு. ஆனால் அப்படியே எடை போடக்கூடாது. சிறு மாதிரியை 105 டிகிரியில் உலர்த்தித் திடப்பங்கைக் கண்டுபிடியுங்கள். அது 20 விழுக்காடு என்றால், 25 கிராம் எடுத்தால்தான் 5 கிராம் செல்லுலோஸ் தேறும்.

அந்த 5 கிராமுக்கு 500 மில்லி அயனி நீக்கிய நீர், டெம்போ 0.08 கிராம், சோடியம் புரோமைடு 0.5 கிராம். தோக்கியோ பல்கலைக்கழகத்தின் இசோகாய், சைத்தோ குழுவினர் பின்பற்றிய விகிதம் இது. இந்த ஆய்வுக்காக 2015ல் அவர்களுக்கு மார்கஸ் வாலன்பெர்க் பரிசு கிடைத்தது.

கையேட்டின் பெரிய குறை ப்ளீச்தான். 15.5 மில்லி ஊற்றச் சொல்கிறது. ஒரு கிராம் செல்லுலோஸுக்கு 5 மில்லிமோல் ஹைப்போகுளோரைட் (ப்ளீச்சில் வினைபுரியும் பொருள்) என்ற கணக்கில், 12 விழுக்காட்டு ப்ளீச்சுக்கு அது சரி. ஆனால் இந்த ஊர் வெக்கையில் ஹைப்போகுளோரைட் வேகமாகச் சிதையும். புட்டி 8 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தால் 23 மில்லி வேண்டும். குறைந்தால் இழைகளின் மேல் உருவாகும் எதிர்மின்னூட்டம் கொண்ட கார்பாக்சில் தொகுதிகள் போதாது, இழைகள் ஒன்றையொன்று விலக்காது. தெளிந்த ஜெல்லுக்குப் பதில் வெள்ளைக் கலங்கல்தான் கிடைக்கும். எனவே தயோசல்பேட் டைட்ரேஷன் செய்து ப்ளீச்சின் வலிமையை அளக்காமல் ஊற்றவே வேண்டாம்.

ப்ளீச் சேர்ந்ததும் பிஎச் இறங்கத் தொடங்கும். 0.5 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு 10லேயே வைத்திருங்கள். காரத்தன்மை மிகைப்பட்டால் செல்லுலோஸ் சங்கிலிகள் அறுபடும். பிஎச் தானாக இறங்காமல் நின்றால் வினை முடிந்தது. கொஞ்சம் எத்தனால் விட்டு நிறுத்தி, அயனி நீக்கிய நீரால் கழுவுங்கள். குழாய்த் தண்ணீரில் உள்ள கால்சியம் இழைகளைத் திரட்டிவிடும்.

1 விழுக்காட்டுக்கும் கீழே நீர்க்க வைத்து, வலுவான பிளெண்டரில் இடைவெளி விட்டு அடித்தால் 3 முதல் 4 நானோமீட்டர் அகல இழைகள் பிரியும். ஜெல்லை 4 டிகிரியில் வையுங்கள். உறையவோ உலரவோ விடாதீர்கள்.

ப்ளீச்சுடன் அமிலம் கலந்தால் குளோரின் வாயு வரும் என்ற எச்சரிக்கை கையேட்டில் எங்குமே இல்லை. மாணவர் கையில் தரும் பொருளில் இதை மன்னிக்க முடியாது. அடுத்த பதிப்பின் முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.