பெல்ட் மாற்றியாச்சு, வால்வ் பார்த்தாச்சு: பில்லில் மட்டும் நடந்த சர்வீஸ்

பழைய டுகாட்டி (இத்தாலிய பைக்) வைத்திருப்பவர்களும் வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் இதைப் படித்துவிடுங்கள். என்னுடையது 2000 மாடல் 748. கேம் ஷாஃப்டைச் சுற்றவைக்கும் டைமிங் பெல்ட் இரண்டும் மாற்றியதாக, வால்வ் கிளியரன்ஸ் (வால்வை இயக்கும் பாகங்களுக்கு நடுவே இருக்க வேண்டிய சின்ன இடைவெளி) பார்த்ததாக, பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்னேட்டரின் காயில் புதிதாகப் போட்டதாக ஒரு பட்டறை எனக்கு பில் கொடுத்தது. மூன்றில் ஒன்றுகூட நடக்கவில்லை. பட்டறையின் பெயரை எழுதவில்லை, பணத் தகராறு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எப்படி ஏமாற்றினார்கள் என்பதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன்.

இந்த வண்டிகளில் இப்படி ஏமாற்றுவது சுலபம். காரணம் எஞ்சினிலேயே இருக்கிறது. சாதாரண எஞ்சினில் வால்வைத் திறப்பது கேம், மூடுவது ஸ்பிரிங். டுகாட்டியின் டெஸ்மோ என்ற அமைப்பில் மூடுவதற்கும் தனியாக ஒரு ராக்கர் (கேம் தள்ளுகிற நெம்புகோல்) உண்டு. ஃபாபியோ தாலியோனி 1956-ல் ரேஸ் வண்டிக்காகக் கொண்டுவந்த ஏற்பாடு, இன்றுவரை அந்தக் கம்பெனியின் அடையாளம். 748, 916, 996 போன்றவற்றில் இரண்டு சிலிண்டர், சிலிண்டருக்கு நான்கு வால்வ், வால்வுக்குத் திறக்க ஒரு ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் சின்ன உலோகத் துண்டு), மூட ஒரு ஷிம். ஆக 16 இடத்தில் ஃபீலர் கேஜ் என்கிற மெல்லிய அளவுத் தகடு வைத்து அளக்க வேண்டும். அதுவும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கில். அளப்பதற்கு முன் ஃபேரிங், டேங்க், ஏர்பாக்ஸ் எல்லாம் வெளியே வர வேண்டும், ரேடியேட்டர் நகர வேண்டும். பின் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் பக்கத்தை எட்டுவதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். கை பழகிய மெக்கானிக்குக்கே ஒரு முழுநாள் வேலை.

இவ்வளவு பாடுபட்டு முடித்த பிறகு வெளியே என்ன வித்தியாசம் தெரியும்? பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. கிளியரன்ஸ் கொஞ்சம் தள்ளியிருந்தாலும் வண்டி ஓடும், திருத்திய பிறகும் அதே மாதிரிதான் ஓடும். சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாமென்றால் எண்ணெயில் முங்காத டிரை கிளட்ச் போடுகிற கடகடவில் வேறு எதுவும் காதில் விழாது. செய்யாமலே செய்ததாகச் சொல்லிப் பணம் வாங்க இதைவிட வசதியான வேலை கிடையாது.

காலையில் வண்டியை விட்டேன். மாலையே எடுத்துக்கொள்ளச் சொல்லி போன் வந்தது. போனபோது மேஜைமேல் இத்தாலிய எழுத்துப் போட்ட புது பெல்ட் பெட்டி இரண்டு, பக்கத்தில் வெடித்துப்போன பழைய பெல்ட் ஒரு ஜோடி. "பாருங்க சார், இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தா அறுந்திருக்கும்" என்றார் பட்டறைக்காரர். அந்த எஞ்சினில் பெல்ட் பல் தாண்டினாலோ அறுந்தாலோ வால்வ் பிஸ்டனில் மோதும். அப்புறம் சிலிண்டர் ஹெட்டையே கழற்றி வால்வ் மாற்ற வேண்டிவரும். அந்தப் பயம் எல்லோருக்கும் உண்டு, அவருக்கும் அது நன்றாகத் தெரியும். பழைய பெல்ட்டை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஏன் என்று பின்னால் புரிந்தது.

கொஞ்ச நாளில் பேட்டரி இறங்க ஆரம்பித்தது. திரும்ப அங்கேயே போனேன். ஆல்டர்னேட்டர் காயில் எரிந்துவிட்டது, இடது பக்க எஞ்சின் கவரைத் திறந்து புதுசு போட்டாச்சு என்று இன்னொரு பில். புது பேட்டரியும் தலையில் கட்டினார்கள். வண்டி சில வாரம் சரியாக இருந்தது, பிறகு பழைய கதை. புது பேட்டரியாக இருந்ததால்தான் அந்தச் சில வாரமும் தாங்கியிருக்கிறது.

இந்தத் தடவை மல்டிமீட்டரை எடுத்து நானே பார்த்தேன். எஞ்சினை 4000 ஆர்பிஎம் பக்கம் வைத்துப் பேட்டரி முனைகளில் அளந்தால் 13.5-லிருந்து 14.5 வோல்ட் வரை வர வேண்டும். எனக்கு 12.3 காட்டிவிட்டு மெல்ல இறங்கியது. காயிலிலிருந்து, ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபயருக்குப் போகும் மஞ்சள் கம்பிகள் என் மாடலில் மூன்று. கனெக்டரைக் கழற்றி, இரண்டிரண்டாக ஏசி வோல்ட் பார்த்தேன். மூன்று ஜோடியும் ஒரே அளவு, ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்க ஏறியது. எந்தக் கம்பியும் எஞ்சின் பாடியோடு ஷார்ட் இல்லை. அதாவது காயில் நன்றாக இருக்கிறது. கோளாறு கையில் பிடித்திருந்த கனெக்டரிலேயே இருந்தது: வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகி, ஒரு ஓரம் உருகி, உள்ளே ஒரு பின் கறுத்துப் போயிருந்தது. பின் தளர்ந்தால் அந்த இடம் சூடாகும், சூடானால் இன்னும் தளரும். பழைய வண்டிகளில் சார்ஜிங் கோளாறு என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடமே அதுதான். உருகிய துண்டை வெட்டி எறிந்து கம்பிகளைச் சேர்த்துப் பற்றவைத்து, மேலே ஷ்ரிங்க் டியூப் போட்டதும் 14 வோல்ட்டுக்கு மேல் வந்துவிட்டது.

காயில் நன்றாக இருப்பது அவர்கள் புதிதாகப் போட்டதால்தானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் நினைத்தேன். குனிந்து இடது கவரின் விளிம்பைப் பார்த்தேன். அந்தக் கவருக்குக் காகித கேஸ்கெட் கிடையாது, சீலன்ட் பூசித்தான் மூடுவார்கள். திறந்தால் பழைய சீலன்ட் கிழியும், சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசு பூச வேண்டும். எப்படிப் பூசினாலும் புதுப் பிசிர் கொஞ்சம் வெளியே பிதுங்கும். என் வண்டியில் கவரும் எஞ்சினும் சேருகிற கோட்டின்மேல் வருஷக்கணக்கான எண்ணெய் அழுக்கு ஒரே படலமாக, ஒரு கீறல்கூட இல்லாமல் படிந்திருந்தது. போல்ட் தலைகளின் அறுகோணக் குழியில் செயின் கிரீஸும் மண்ணும் சேர்ந்து கெட்டியாக அடைத்திருந்தன. ஆலன் கீயை உள்ளே விடவே முடியவில்லை, ஊசியால் குத்திக் கிளற வேண்டியிருந்தது. அடைத்த குழியில் கீ நுழையாமல் போல்ட்டை யாராலும் கழற்ற முடியாது. அந்தக் கவரை யாரும் தொடவேயில்லை.

அந்தச் சந்தேகத்தோடு பெல்ட் கவர் போல்ட்டுகளைப் பார்த்தேன். அங்கேயும் அதே அழுக்கு. கவரைக் கழற்றினால் உள்ளே பழைய பெல்ட். முதுகில் அச்சடித்த எழுத்து பாதிக்குமேல் அழிந்து, ஓரத்தில் நூல் பிரிந்து, மடக்கிப் பார்த்தால் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் மயிரிழை வெடிப்பு. அந்தத் தலைமுறை வண்டிகளுக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு 20,000 கிலோமீட்டர் அல்லது 2 வருஷம், எது முதலில் வருகிறதோ அது. ஓட்டாமல் நிறுத்தி வைத்த வண்டிக்கும் வருஷக் கணக்கு உண்டு, ஒரே வளைவில் கிடந்தே ரப்பர் கெட்டுப்போகும்.

அப்படியானால் "பழசு" என்று கொடுத்தார்களே, அந்தப் பெல்ட் யாருடையது? எடுத்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அளவே வேறு. என் எஞ்சினில் சிலிண்டருக்கு இரண்டு கேம் ஷாஃப்ட், பெல்ட் நீளம். அவர்கள் காட்டியது சிலிண்டருக்கு ஒரே கேம் உள்ள இரண்டு வால்வ் எஞ்சினின் குட்டைப் பெல்ட், டுகாட்டியின் மான்ஸ்டரிலோ 900 எஸ்எஸ்ஸிலோ வருகிற ஜாதி. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவதற்கென்றே ஒரு ஜோடி வெடித்த பெல்ட்டை வைத்திருக்கிறார்கள். நான் அதை எடுத்துப் போனதில் அவருக்கு ஏன் வருத்தம் என்று இப்போது புரிகிறதா? காட்சிப்பொருள் போய்விட்டது.

வால்வ் கவரைத் திறக்க, இந்த வண்டிகளையே காலமெல்லாம் கழற்றிப் பூட்டிய ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் அளந்தார், ஒவ்வொன்றையும் எழுதினார், பிறகுதான் ஷிம்மில் கை வைத்தார். எக்ஸாஸ்ட்டில் மூடுகிற பக்கம் ஒன்றிரண்டு இடத்தில் இடைவெளி அதிகமாக இருந்தது. மூடும் ஷிம்மைப் பிடித்திருக்கிற அரைவளையங்கள் தேய்ந்தால் அப்படி ஆகும், மாற்றினார். அவற்றைக் கழற்றும் நேரத்தில் பக்கத்து எண்ணெய் வழியில் துணி அடைத்து வைத்தார். மீன் முள் மாதிரி இருக்கும் அந்த வளையம் உள்ளே விழுந்தால் தேடி எடுக்கிற பாடு சொல்லி மாளாது. ராக்கர்களின் குரோம் பூச்சு உரிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் வண்டியில் நல்லவேளையாக உரியவில்லை. உரிய ஆரம்பித்தால் அது கேமையும் சேர்த்துத் தின்னும், எவ்வளவு சீக்கிரம் தெரிகிறதோ அவ்வளவு செலவு மிச்சம். வால்வ் பார்ப்பது என்றால் இதெல்லாம் சேர்ந்ததுதான். "கிளியரன்ஸ் ஓகே" என்று பில்லில் ஒரு வரி எழுதிவிட்டால் ஆகிவிடாது.

பட்டறைக்காரரிடம் போட்டோக்களோடு போனேன். முதலில், "சார், இத்தாலி வண்டின்னாலே அப்படித்தான், என்ன செஞ்சாலும் ஏதாவது வரும்" என்றார். இந்தப் பேச்சுதான் எனக்கு எல்லாவற்றையும்விட எரிச்சல். வண்டிக்கு இருக்கும் கெட்ட பெயரை வைத்துத் தங்கள் திருட்டை மூடிக்கொள்கிறார்கள். நேரத்துக்குப் பெல்ட் மாற்றி, அளந்து ஷிம் போட்டு, கனெக்டர்களைச் சுத்தமாக வைத்திருந்தால் இந்த எஞ்சின்கள் வெகுதூரம் ஓடும். குட்டைப் பெல்ட்டை மேஜைமேல் வைத்து, இது எந்த வண்டியுடையது என்று கேட்டேன். கடைப் பையன் மாற்றி எடுத்துக் கொடுத்திருப்பான் என்றார். சரி, என் வண்டியில் போட்ட புது பெல்ட் எங்கே என்றேன். அதற்குக் கையை விரித்தார். கடைசியில் காயில் பணத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தார், "நல்லெண்ணத்தில்" என்று எழுதிக் கையெழுத்தும் கேட்டார். நான் போடவில்லை. பெல்ட், வால்வ் பணத்துக்கு நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன், போட்டோ, பில், பெரியவர் எழுதிய தாள் எல்லாம் அதோடு போயிருக்கின்றன.

உங்கள் வண்டியை விடப்போகிறீர்களா? விடுவதற்கு முன் பெல்ட் கவர், வால்வ் கவர், எஞ்சின் கவர் போல்ட் தலைகளைக் கிட்டத்தில் போட்டோ எடுங்கள். ஒன்றிரண்டில் நகப்பூச்சால் சின்னக் கோடு, பாதி போல்ட்டிலும் பாதி கவரிலுமாகப் போட்டு வையுங்கள். கழற்றி மாட்டினால் கோடு நேராக வந்து நிற்காது. சிலர் இதை ரகசியமாகச் செய்யச் சொல்வார்கள், நான் மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டே செய்கிறேன். பெரியவர் சிரித்தார், கோபித்துக்கொள்ளவில்லை. அதைவிட முக்கியம், 16 அளவுகளையும் திருத்துவதற்கு முன், திருத்திய பின் என இரண்டு வரிசையாக எழுதித் தரக் கேளுங்கள். உண்மையாகவே அளப்பவர் எழுதாமல் வேலை செய்யவே முடியாது, எந்த ஷிம் எவ்வளவு தேய்க்க வேண்டும் என்ற கணக்கே அந்தத் தாளில்தான் நடக்கும். எழுதி வைக்கும் வழக்கமில்லை என்று சொன்னால் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். பழைய பெல்ட்டைக் கேட்டு வாங்கினால் மட்டும் போதாது, புதிதாக மாட்டியதோடு வைத்துப் பல்லை எண்ணிப் பாருங்கள். பெட்டியைக் காட்டினால் அது பெட்டி மட்டும்தான்.

இதை இப்போது எழுதக் காரணம், ஒரு நண்பர் பார்த்திருக்கும் 996. விற்பவர் நல்ல மனிதர், சர்வீஸ் ஃபைலை மறைக்காமல் கொடுத்தார். அதில் இருப்பது அதே பட்டறையின் பில், அதே "கிளியரன்ஸ் ஓகே", அளவு எழுதிய தாள் இல்லை. அவரும் ஏமாந்தவராகத்தான் இருக்க வேண்டும். இந்த மாதிரி ஃபைலோடு வரும் வண்டிக்குப் பெல்ட் மாற்றவேயில்லை, வால்வ் பார்க்கவேயில்லை என்று வைத்துக்கொண்டுதான் விலை பேச வேண்டும். "ஸ்டார்ட் பண்ணிக் காட்டுறேன் சார்" என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு முதலில் பெல்ட் கவரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.